காலி எடை

நெல்லோடு ஒரு தடவை ஏறும் லாரி.
இறக்கிவிட்டு வந்து, வெறுமனே ஒரு தடவை.
முன்னதில் பின்னதைக் கழித்தால் நெல்.
புதுவயல் எடைமேடையில் ஒன்பது வருஷமாக
நான் போடுவது இந்த ஒரே கணக்கு.
டிரைவர் இறங்கிவிட்டாரா, தார்ப்பாயில் மழை கோத்திருக்கிறதா
என்று மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைக்குடி பஸ்.
செக்காலையில் மூடிய தியேட்டருக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
பத்து மீட்டர். எதிரே ஒரு காகிதம்.
அதன் நடுப்புள்ளி என் மூக்குத்திக் கல்லில் கால்வாசி.
கிளப்பின் காற்றுத் துப்பாக்கியை நாங்கள் ஏழு பேர்
முறைவைத்துக் கன்னத்தில் ஒட்டுகிறோம்;
எனக்கு முந்திச் சுடுகிறவர் நிறையப் பவுடர் பூசுகிறவர்.

சொந்தமாக ஒன்று வேண்டும்.
எது என்பதில்தான் ஆறு மாசம் போயிற்று.

கோயம்புத்தூர்க் கடைக்காரர் போனில் சொன்னார்:
ஜெர்மன் சரக்கு, இரண்டு நாற்பது,
பெட்டிக்குள் ஒரு காகிதமும் வரும் மேடம்.
தொழிற்சாலையில் இடுக்கியில் பூட்டி
ஐந்து குண்டு சுட்டிருப்பார்கள்.
ஒரே ஓட்டை.
மனுஷத் தோள் படாத ஓட்டை.
அதற்கப்புறம் விலகுகிற ஒவ்வொன்றும் நான்தான் என்று
முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள்.

மதுரையில் ஒருவர்
குழலும் விசையும் மட்டும் விற்கிறார்,
கட்டை பிளந்துபோனது. எழுபத்தைந்து.
கட்டையை நானே செய்துகொள்ளலாம்,
என் குட்டைக் கைக்கு, என் கழுத்துக்கு.

எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தால் ஒன்று எண்பது.
மிச்சத்துக்கு வளையல்.
வளையலை எழுதிவிட்டு அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
அந்தச் சீட்டு தவறி ஒரு லாரியோடு போய்விட்டது;
அறந்தாங்கியில் யாரோ ஒரு வியாபாரி
தன் நெல்லுக்குப் பின்னால் என் வளையலைப் படித்திருப்பார்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மாத் தேக்கை
கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள்.
எந்த வீட்டு உத்தரம் என்று நான் கேட்கவில்லை.
ஆணி இல்லாத துண்டாகப் பொறுக்கினேன்.
மில் உருளைகளுக்கு நடுவில் சவரிமுத்து
கன்னத்தாங்கிக்கு அலுமினியம் கடைந்து தந்தார்.
தோசைக்கரண்டி மாதிரி இருக்கே, என்றார்.
இருந்தது.

நாலு மாசம் அரம், உப்புத்தாள், தும்மல்.

முடிந்ததும் எடைமேடையில் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் மேடை சுழியம் காட்டியது.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
அரிசி மூட்டை தைக்கிற இடத்துத் தராசில் வைத்தேன்.
ஐந்து கிலோ எழுநூற்று முப்பது.
விதிப்படி ஐந்தரைக்கு மேல் ஒரு கிராமும் கூடாது.
இழைத்து மெருகேற்றி முத்தம்கூடக் கொடுத்த இடத்தை
மறுபடி உளியால் தொட்டேன்.

சிவகங்கையில் மாவட்டப் போட்டி.
படிவத்தில் ‘தயாரிப்பு’ என்று ஒரு கட்டம்.
எனக்கு முன்னால் நின்ற பையன் ஜெர்மன் பெயரை
ஓர் எழுத்து விட்டு எழுதினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் குழலின் கம்பெனியை எழுதி, கொஞ்சம் இடம் விட்டு
‘மற்றும் உமையாள்’ என்று எழுதினேன்.
அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டுத் தராசைக் காட்டினார்.
ஐந்து நானூற்றுத் தொண்ணூறு.

நாற்பது குண்டு. முந்நூற்று எழுபத்தொன்று.
கிளப் துப்பாக்கியில் எனக்கு முந்நூற்று எழுபத்து நான்கு வரும்.

மூன்று புள்ளி.
விசை கனம் என்றால் மதுரைக்காரர் மேல் போகும்.
தேக்கு ஈரம் குடித்தது என்றால் பர்மா மேல்.
அலுமினியம் என்று சொன்னால்
சவரிமுத்து அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன்,
திரும்பும் பஸ்ஸில், மடியில் அதை நீளவாக்கில் வைத்து.
நாதஸ்வரமா, என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை ஏழு லாரி நின்றது.
கோயம்புத்தூர்க் கடையின் அட்டை
இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் கிடக்கிறது;
சீட்டுப் புத்தகத்தை அதன் மேல் நகர்த்தினேன்.
முதல் டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவே இல்லை.
நான் என்ன பெரிய எடை, என்றார்.

இறங்குங்கள், என்றேன்.
நெல்லில் வந்துவிடுவீர்கள்.